பென்ட்ரைவில் இருந்து லினக்ஸ் மின்ட் பூட் ஆகவில்லை: ஆறு பழைய லப்டொப், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்

மல்லாவி வாசிகசாலை

வணக்கம். எங்கள் வாசிகசாலைக்கு வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் ஆறு பழைய லப்டொப் அனுப்பினார்கள். எல்லாம் ஐ5, ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ரம், விண்டோஸ் 10. அதற்கான இலவச அப்டேட் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. 11 போடப் போனால் இந்தப் புரோசெசர் சரிவராது என்கிறது. பின்னேரத்தில் வந்து பாவிக்கிறவர்கள் ஓ.எல். பிள்ளைகள். இணையம், பிடிஎஃப், தமிழ் தட்டச்சு, இவ்வளவும்தான் தேவை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று முடிவெடுத்தோம்.

மின்டின் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டோல் செய்கிற ஃபைல்) ரூஃபஸ் என்ற நிரலால் பென்னில் ஏற்றினேன். முதல் லப்டொப்பில் எஃப்12 அடித்துப் பென்னைத் தெரிவுசெய்தால், கறுப்புத் திரையில் இரண்டு வரி மின்னிவிட்டுத் தானாகவே ஓஃப் ஆகிறது. போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்துத்தான் வாசிக்க முடிந்தது. முதல் வரி: "வெரிஃபையிங் ஷிம் எஸ்பாட் டேட்டா ஃபெயில்ட்: செக்யூரிட்டி பொலிசி வயலேஷன்". அடுத்தது: "சம்திங் ஹாஸ் கோன் சீரியஸ்லி ரோங்". இரண்டாவது லப்டொப்பில் பட்டியலில் பென்னே இல்லை. மற்ற நாலையும் இன்னும் தொடவில்லை.

நான் கணிதம் படிப்பிக்கிறவள், கொம்பியூட்டர் திருத்துகிறவள் இல்லை. பென் பழுதா, ஐஎஸ்ஓ பழுதா, லப்டொப் பழுதா?

பொடியன்99

செக்யூர் பூட்டை ஓஃப் பண்ணுங்கோ ரீச்சர். முடிஞ்சுது.

குளக்கட்டு (கிளிநொச்சி)

தம்பி, பொறும். ரீச்சர், செக்யூர் பூட் என்பது கையொப்பம் இல்லாத நிரலை லப்டொப் எழும்பும்போதே மறிக்கிற காவல். அதில் கை வைக்க முன்னம் ஒன்றைப் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்கில் "டிவைஸ் என்கிரிப்ஷன்" அல்லது பிட்லொக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கிற வசதி) ஓன் ஆக இருக்கிறதா? இருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியதும் அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்கத் திறவுகோல் கேட்கும். அந்தத் திறவுகோல் பெரும்பாலும் லப்டொப்பை முதலில் பாவித்தவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில்தான் இருக்கும். உங்களுடையவை அனுப்பப்பட்ட மெஷின்கள். அதாவது திறவுகோல் கனடாவிலோ லண்டனிலோ ஒருவருடைய கணக்கில். அவர் நித்திரை கொள்கிற நேரம் பார்த்து நீங்கள் மாட்டக்கூடாது.

உள்ளே இருப்பதெல்லாம் அழிந்தாலும் பரவாயில்லை என்றால் இந்தக் கவலை வேண்டாம்.

இன்னொன்று, ஐஎஸ்ஓ எங்கே எடுத்தது? எந்த வருடத்து ஃபைல்?

மல்லாவி வாசிகசாலை

ஐஎஸ்ஓ அக்காவின் மகன் தந்தது. வவுனியா கம்பஸில் படிக்கிற காலத்தில் எடுத்து ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தான். பெயரில் 21 என்று இருக்கிறது, திகதி 2022. எங்களுக்கு இங்கே போன் ஹொட்ஸ்பொட்தான். மூன்று ஜிபி என்றால் இரவுக் கோட்டாவுக்குக் காத்திருக்க வேண்டும், அதனால்தான் இருக்கிறதைப் பாவித்தேன்.

என்கிரிப்ஷன் ஒன்றில் மட்டும் ஓன். அதில்தான் வாசிகசாலைக் கூட்ட அறிக்கைகளும் கடிதங்களும் இருக்கின்றன, எல்லாம் பழைய பாமினி எழுத்துருவில். அவை அழியக்கூடாது.

குளக்கட்டு

விளங்கிவிட்டது. பென்னும் லப்டொப்பும் தங்கள் வேலையைத்தான் செய்திருக்கின்றன. ஐஎஸ்ஓ பழசு.

செக்யூர் பூட்டுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் ஷிம் என்று ஒரு சின்ன நிரல் நிற்கிறது. மைக்ரோசொஃப்டின் கையொப்பம் அதற்குத்தான் இருக்கிறது. பழைய ஷிம்மிலோ, அதற்கு அடுத்து ஓடி லினக்ஸை எழுப்புகிற கிரப்பிலோ ஓட்டை கண்டுபிடித்தால் ஒவ்வொரு ஃபைலாகத் தடைசெய்து கொண்டிருக்க ஏலாது. அதனால் தலைமுறை எண் வைத்து "இந்த எண்ணுக்குக் கீழே உள்ளது எதுவும் ஓடக்கூடாது" என்று ஒரே அடியாகத் தடுக்கிறார்கள். எஸ்பாட் என்பது அதுதான். 2024 ஓகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட் அந்த எண்ணை உயர்த்தியது. அப்போது விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக வைத்திருந்த எத்தனையோ பேருடைய மெஷினில் ஒரே இரவில் லினக்ஸ் எழும்பாமல் போனது.

இதில் பலருக்குத் தெரியாத விசயம், அந்த எண் விண்டோஸுக்குள் இல்லை. மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. டிஸ்கை முழுக்கத் துடைத்தாலும், வேறு டிஸ்க் போட்டாலும் அது அங்கேயே இருக்கும். 2022இல் செய்த மின்ட் 21இன் ஷிம் அந்தக் கோட்டுக்குக் கீழே. மின்ட் 22இல் புதிய ஷிம் இருக்கிறது. அதை எடுத்தால் செக்யூர் பூட்டைத் தொடவே தேவையில்லை.

பொடியன்99

அப்ப நான் சொன்னதிலும் வேலை நடக்கும்தானே அண்ணை?

குளக்கட்டு

நடக்கும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 21ஐப் போட்டால் அதற்கு 2027 வரைதான் ஆதரவு, 22க்கு 2029 வரை. அதைவிட, பழைய ஐஎஸ்ஓவைப் போட்டால் இத்தனை வருட அப்டேட்டை ஆறு லப்டொப்பிலும் ஹொட்ஸ்பொட்டில் இறக்க வேண்டும். ரீச்சர் மிச்சம்பிடிக்க நினைத்த டேட்டா அங்கேயே போய்விடும்.

பரந்தன் சந்தி

ஒரு மாற்றுக் கருத்து. பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போகிற இடமெல்லாம் விண்டோஸ், வேர்ட், எக்செல்தான். விண்டோஸ் 10க்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பில் சேரலாம். அல்லது ரூஃபஸில் விண்டோஸ் 11 பென் செய்யும்போது டிபிஎம் (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் சோதனையை நீக்கு என்று ஒரு தெரிவு வரும். அதை டிக் பண்ணினால் ஆறாம் தலைமுறையிலும் 11 ஏறும். இதற்காக ஏன் எல்லாவற்றையும் புரட்டிப் போட வேண்டும்?

குளக்கட்டு

ஏறும், உண்மை. ஆனால் மைக்ரோசொஃப்ட் அதற்குப் பொறுப்பு எடுக்காது. பெரிய பதிப்பு வரும்போது தானாக ஏறாது, ஒவ்வொரு முறையும் பென்னோடு நிற்க வேண்டும். வீட்டில் ஒருத்தர் தன் மெஷினில் செய்து பார்க்கட்டும், நான் மறிக்கமாட்டேன். ஆறு மெஷினைத் திருத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத வாசிகசாலைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். நீட்டிப்பு என்பது முடிவைத் தள்ளிப்போடுவது மட்டும்தான்.

எக்செல் விசயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு லப்டொப்பை விண்டோஸிலேயே வைத்து நீட்டிப்பில் சேர்க்கலாம்.

அறிவியல்நகர் மாணவன்

ரீச்சர், என்னிடம் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஈ (பழைய மெஷினுக்கு ஏற்ற இலேசான பதிப்பு) இருக்கிறது, எங்கள் ஃபகல்டி இணையத்தில் எடுத்தது. மூன்று ஜிபிக்குச் சற்றுக் குறைவு. சனிக்கிழமை மாங்குளம் வரை வருகிறேன், பென்னைக் கொண்டுவந்தால் கொப்பி பண்ணித் தரலாம்.

கொப்பி பண்ணினதும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மின்ட் தளத்தில் ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் எஸ்எச்ஏ256 தொகை (ஃபைலின் கைரேகை மாதிரி) போட்டிருக்கிறார்கள், 64 எழுத்து. அது போனிலேயே பார்க்கலாம், டேட்டா ஒன்றும் போகாது. லப்டொப்பில் 7-ஸிப் இருந்தால் ஃபைலில் ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ-256ஐத் தெரிவுசெய்தால் அதே மாதிரி 64 எழுத்து வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கையால் கையால் மாறி வருகிற ஃபைலுக்கு இதைப் பார்க்காமல் விட்டால் பிறகு எங்கே பிழை என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மல்லாவி வாசிகசாலை

மிக்க நன்றி தம்பி. வாங்கி வந்தாயிற்று. ஆனால் தொகை பொருந்தவில்லை. முதல் எழுத்தே வேறு.

அறிவியல்நகர் மாணவன்

என்னுடைய டிஸ்கில் உள்ள ஃபைல் இப்போதும் சரியாகப் பொருந்துகிறது ரீச்சர், திரும்பப் பார்த்தேன். (முதல் எழுத்தே வேறு என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் தொகை முழுக்க மாறிவிடும்.) அப்படியென்றால் பென்தான். 64 ஜிபி என்று எழுதியிருந்த அந்தக் கறுப்புப் பென்தானே? அதில் ஏற்கனவே நிறையப் பாடப் புத்தகப் பிடிஎஃப் இருந்ததைக் கண்டேன். விலை என்ன கொடுத்தீர்கள்?

மல்லாவி வாசிகசாலை

மற்றக் கடைகளில் 16 ஜிபிக்குச் சொல்கிற விலைக்கு 64 தந்தார்கள்.

குளக்கட்டு

அது போலி. உள்ளே இருப்பது 8 ஜிபி சிப்பாக இருக்கும், கொன்ட்ரோலரை மாற்றி எழுதி 64 என்று சொல்லவைத்திருக்கிறார்கள். அரை ஏக்கர் காணிக்கு ஐந்து ஏக்கர் உறுதி எழுதின மாதிரி. விண்டோஸ் உறுதியை மட்டும் வாசித்து 64 என்று காட்டும். உண்மையான கொள்ளளவு நிரம்பின பிறகு எழுதுவதெல்லாம் ஒன்றில் காற்றில் போகும், அல்லது பழையதற்கு மேலே விழும். கொப்பி வெற்றி என்றே வரும், ஒரு எச்சரிக்கையும் இருக்காது. வெறும் பென்னில் முதலில் போட்ட ஃபைல் நன்றாக இருக்கும், நிரம்பின பென்னில் கடைசியாகப் போட்டது பழுது. அதனால்தான் "நேற்று வேலை செய்தது, இன்றைக்கு இல்லை" என்று ஆட்கள் தலையைப் பிய்க்கிறார்கள்.

சோதிக்க விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. இரண்டும் பென்னில் மிச்சமுள்ள இடம் முழுக்க எழுதித் திரும்ப வாசித்துப் பார்க்கும். ரூஃபஸிலும் கெட்ட பகுதிகளைச் சோதி என்று ஒரு தெரிவு உண்டு, அதுவும் போலியைப் பிடிக்கும். ரூஃபஸ் சோதனையில் எல்லாம் அழியும், போலிப் பென்னில் மற்ற இரண்டாலும் அழியலாம், ஆகவே பிடிஎஃப்களை முதலில் வெளியே எடுங்கள். எடுத்தவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், சிலது ஏற்கனவே பழுதாகியிருக்கும்.

நெடுங்கேணியான்

ரூஃபஸை விடுங்கள், வென்டோய் போடுங்கள் என்பது என் கருத்து. ஒருமுறை பென்னில் வென்டோயை ஏற்றினால், பிறகு ஐஎஸ்ஓவைச் சாதாரண ஃபைல் மாதிரிக் கொப்பி பண்ணி விட்டால் போதும். மின்ட், விண்டோஸ், மெமரி சோதிக்கிற நிரல் எல்லாம் ஒரே பென்னில். பிடிஎஃப்பும் அதிலேயே வைக்கலாம்.

குளக்கட்டு

எனக்கும் வென்டோய் பிடிக்கும், நான் பாவிக்கிறது அதுதான். ஆனால் செக்யூர் பூட் ஓன் ஆக இருக்கிற ஒவ்வொரு மெஷினிலும் முதல்முறை நீலத் திரையில் "வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்" என்று வரும். அங்கே ஓகே கொடுத்து, "என்ரோல் கீ ஃபுரொம் டிஸ்க்" போய், விடோய்ஈஎஃப்ஐ என்ற பகுதியைத் திறந்து, அதிலுள்ள திறவுகோல் ஃபைலைச் சேர்த்து ரீபூட் பண்ண வேண்டும். தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. அந்த நீலத் திரையைப் பார்த்ததும் பென்னைப் பிடுங்கிவிட்டு இங்கே வந்து புதிய இழை தொடங்குகிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஒரே ஒரு ஐஎஸ்ஓ போடுவதற்கு ரூஃபஸ் போதும்.

மல்லாவி வாசிகசாலை

கிளிநொச்சி டவுனில் வேறு பென் வாங்கினேன், 16 ஜிபி. ரூஃபஸ் சோதனை ஒரு பிழையும் சொல்லவில்லை. திரும்பக் கொப்பி பண்ணியதும் 64 எழுத்தும் பொருந்தியது. முதல் லப்டொப்பில் மின்ட் ஏறிவிட்டது, செக்யூர் பூட்டைத் தொடவேயில்லை!

இரண்டாவதில் இன்னும் பென் தெரியவில்லை. யூஎஸ்பி வாய்களை மாற்றிப் பார்த்தேன்.

குளக்கட்டு

அந்த மெஷினில் விண்டோஸுக்குள் போய் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்துத் திறவுங்கள். "பயோஸ் மோட்" என்ற வரியில் யூஈஎஃப்ஐ என்று இருக்கிறதா, லெகசி என்று இருக்கிறதா?

ரூஃபஸில் "பார்டிஷன் ஸ்கீம்" எதைத் தெரிவுசெய்தீர்கள்?

மல்லாவி வாசிகசாலை

பயோஸ் மோட்: லெகசி. ரூஃபஸில் ஜிபிடி.

குளக்கட்டு

அதுதான். யூஈஎஃப்ஐ என்பது புதிய பூட் முறை, லெகசி பழையது. யாரோ முன்னம் அந்த மெஷினை லெகசிக்கு மாற்றி விண்டோஸ் போட்டிருக்கிறார்கள். ஜிபிடி என்று செய்த பென் யூஈஎஃப்ஐக்கு மட்டும்தான் முகம் காட்டும், லெகசிப் பட்டியலில் வராது. ரூஃபஸில் எம்பிஆர் தெரிவுசெய்தால் மின்ட் பென் இரண்டிலும் எழும்பும். ஆனால் இந்த மெஷினில் உள்ளதெல்லாம் அழிக்கப் போகிறீர்கள்தானே, பயோஸுக்குள் (ஓன் பண்ணும்போது திறக்கிற அமைப்புத் திரை) போய் யூஈஎஃப்ஐக்கு மாற்றிவிட்டு, இருக்கிற ஜிபிடி பென்னாலேயே போடுங்கள். ஆறும் ஒரே முறையில் இருந்தால் பிறகு பார்ப்பது சுகம். பழைய விண்டோஸை வைத்திருக்கிற ஆட்கள் இப்படி மாற்றக்கூடாது, விண்டோஸ் எழும்பாது.

பொடியன்99

எஃப்12 எல்லாத்திலும் வராது. எச்பி என்றால் எஃப்9, ஏசஸ் லப்டொப் எஸ்கேப், டெல்லும் லெனோவோவும் எஃப்12. ஏசரில் எஃப்12 மெனுவை முதல்ல பயோஸில ஓன் பண்ண வேணும். கீ அடிக்க நேரம் காணாட்டி விண்டோஸுக்குள்ள ஷிஃப்டை அமத்திக்கொண்டு ரீஸ்டார்ட் குடுங்கோ, "யூஸ் எ டிவைஸ்" எண்டு வரும். அதில பென் இருக்கும்.

குளக்கட்டு

இது நல்ல குறிப்பு. லெகசி மெஷினில் மட்டும் அந்தத் தெரிவு வராது.

ஒட்டுசுட்டான் அண்ணை

குறுக்கே வருகிறேன். பழைய லப்டொப் என்றால் பற்றரி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சார்ஜர் கழன்ற உடனே ஓஃப் ஆகிற மெஷினில், மாரி காலத்துப் பின்னேரத்தில், இன்ஸ்டோல் தொடங்கக்கூடாது. பாதியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. நாங்கள் இடி இடிக்கத் தொடங்கினாலே ரவுட்டரைக் கழற்றி வைக்கிற ஆட்கள். காலையில் செய்யுங்கள்.

மல்லாவி வாசிகசாலை

காலையில்தான் செய்கிறோம் அண்ணை. நாலு முடிந்தது. ஐந்தாவதில் ஒரு புதினம்: பூட் மெனுவில் மாற்றி சேவ் பண்ணுகிறேன், ஓஃப் பண்ணி சார்ஜரைக் கழற்றி, அடுத்த நாள் போட்டால் பழையபடி இருக்கிறது. திகதியும் 2015 என்று காட்டுகிறது. பிரவுசரைத் திறந்தால் எந்தத் தளமும் பாதுகாப்பில்லை என்கிறது.

ஒட்டுசுட்டான் அண்ணை

சீமோஸ் பற்றரி (திகதியையும் பயோஸ் அமைப்பையும் காக்கிற சின்னப் பற்றரி) செத்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032 வட்டப் பற்றரிதான், மணிக்கூட்டுக் கடையிலேயே இருக்கும். ஆனால் லப்டொப்பில் சிலவற்றில் அது வயரோடு சுற்றி வந்திருக்கும், அப்படியென்றால் அதே வயர் முனை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். முதலில் அடியைக் கழற்றிப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள். பிரவுசர் பிரச்சினையும் அதோடு போய்விடும். திகதி பிழை என்றால் தளங்களின் சான்றிதழ் காலம் பொருந்தாது.

மல்லாவி வாசிகசாலை

சரி. இனிக் கடைசி, அந்த என்கிரிப்ஷன் உள்ள லப்டொப். பென் எழும்பி மின்ட் டெஸ்க்டொப் வருகிறது. இன்ஸ்டோல் கொடுத்தால் டிஸ்க் பட்டியலில் பென்னைத் தவிர ஒன்றும் இல்லை. டிஸ்க் பழுதாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. விண்டோஸ் நன்றாக எழும்புகிறது.

குளக்கட்டு

விண்டோஸ் எழும்பினால் டிஸ்க் பழுதில்லை. அலுவலகப் பாவனைக்கு விற்ற லப்டொப்பாக இருக்கும். பயோஸில் சாட்டா ஒபரேஷன் என்ற இடத்தைப் பாருங்கள், "ரெய்ட் ஓன்" என்று இருக்கும். அந்த நிலையில் என்விஎம்ஈ எஸ்எஸ்டி இன்டெல்லின் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் நிர்வாக முறைக்குப் பின்னால் மறைந்து நிற்கும், லினக்ஸுக்குத் தெரியாது. ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரியும்.

மாற்ற முன்னம் ஆறுதலாகச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. இப்போதே விண்டோஸுக்குள் போய், என்கிரிப்ஷனை ஓஃப் பண்ணி, அது முழுக்க அவிழும் வரை விடுங்கள். பிறகு கடிதங்கள் எல்லாவற்றையும் நல்ல பென் ஒன்றுக்கு எடுத்து, வேறு லப்டொப்பில் திறந்து பாருங்கள். பாமினி எழுத்துரு ஃபைலையும் விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து எடுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் பயோஸ்.

விண்டோஸையும் வைத்திருக்க நினைத்தால், ஏஎச்சிஐக்கு மாற்ற முன்னம் அடுத்த பூட் சேஃப் மோடில் வரும்படி வைக்க வேண்டும். சேஃப் மோடில் ஒருமுறை எழும்பினால் விண்டோஸ் தனக்கு வேண்டிய டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பரந்தன் அண்ணை சொன்ன எக்செல் மெஷினாக இதையே விடலாம் என்பது என் அபிப்பிராயம். கடிதங்களும் இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

பரந்தன் சந்தி

அப்பாடா, ஒன்றாவது தப்பியது.

மல்லாவி வாசிகசாலை

நிர்வாகத்திலும் அதையே சொன்னார்கள். அந்த ஒன்றை விண்டோஸிலேயே விட்டு நீட்டிப்பில் சேர்த்தோம். கடிதங்களை மற்றவற்றிலும் ஒரு பிரதி வைத்தோம். மின்டில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது.

அறிவியல்நகர் மாணவன்

பாமினியில் அரைப்புள்ளிக் குறிதான் மெய்யெழுத்தின் புள்ளி ரீச்சர், அதனால்தான் பக்கம் முழுக்க அரைப்புள்ளி. நீங்கள் எடுத்த எழுத்துரு ஃபைலை மின்டில் இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டோல் கொடுங்கள், லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தால் சரியாகும். புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். மின்டில் தமிழ் அடிக்க உதவுகிற ஐபஸ், அதோடு எம்17என் பொதி இரண்டையும் போட்டால் தமிழ் ரெங்கநாதன் விசைப்பலகை வரும். பாமினிக்குப் பழகிய விரலுக்குப் பெரும்பாலும் அதே இடங்கள்தான். பிள்ளைகளுக்குத் தமிழ்99உம் அதிலேயே இருக்கிறது.

மல்லாவி வாசிகசாலை

எழுத்துரு வந்துவிட்டது, விசைப்பலகையும் வந்துவிட்டது. ஒரு சின்னக் கேள்வி. ஒரு கட்டத்தில் ரூஃபஸ் ஐஎஸ்ஓ மோடா டிடி மோடா என்று கேட்க, கடைசிப் பென்னை டிடியில் செய்தேன். இப்போது விண்டோஸில் போட்டால் 16 ஜிபி பென் சில மெகாபைட் என்று காட்டுகிறது, ஃபோர்மட்டும் ஆகுதில்லை. இதுவும் போலியா?

குளக்கட்டு

இல்லை, இது நல்ல பென்தான். டிடி மோட் ஐஎஸ்ஓவைப் பென்மேல் அப்படியே பதித்துவிடும், அந்தப் பகுதிகள் பலதை விண்டோஸ் வாசிக்காது. அட்மினாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து டிஸ்க்பார்ட் அடியுங்கள். பிறகு லிஸ்ட் டிஸ்க். வருகிற பட்டியலில் 16 ஜிபிக்கு அருகில் அளவு உள்ளதுதான் பென். செலெக்ட் டிஸ்க் என்று அடித்து அதன் இலக்கம், பிறகு கிளீன். அதற்குப் பிறகு டிஸ்க் மனேஜ்மென்டில் புதிய பகுதி ஒன்று உருவாக்கி ஃபோர்மட் பண்ணலாம்.

இலக்கத்தை இரண்டு தரம் பாருங்கள். பூச்சியம் என்பது பெரும்பாலும் லப்டொப்பின் சொந்த டிஸ்க், கிளீன் கட்டளை "நிச்சயமா" என்று கேட்காது. அதுவும் இப்போது விண்டோஸ் இருப்பது கடிதங்கள் உள்ள அந்த மெஷினில் மட்டும்தானே.